இரண்டாம் பாகத்தில் விழுவது எப்படி

உங்கள் நகைச்சுவைப் படத்தின் முதல் பாகத்தில் மாப்பிள்ளை திண்ணையிலிருந்து உருண்டு விழுந்தார், பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் பாகத்துக்குக் கதை பேச உட்கார்ந்ததும் குழுவில் ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "இந்தத் தடவை மாடியிலிருந்து விழட்டும்ணே." கை கால் போவது இந்த ஒரு வரியில்தான். உயரத்தைக் கூட்டுவது கேமராவின் வேலை. விழுகிறவர் ஏறும் உயரம் முதல் பாகத்தில் இருந்த அளவிலேயே இருக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1923-இல் வந்த 'சேஃப்டி லாஸ்ட்' என்ற மௌனப் படத்தில் நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் பல மாடிக் கட்டடத்தின் கடிகார முள்ளில் தொங்குவார். உண்மையில் வேறு கட்டடங்களின் மொட்டை மாடியில் பொய்ச்சுவர் எழுப்பி, கீழே மெத்தை போட்ட மேடை வைத்துத்தான் எடுத்தார்கள். பின்னணியில் தெரிந்த தெரு மட்டும் நிஜம். 1928-இல் வந்த இன்னொரு நகைச்சுவைப் படத்தில் பஸ்டர் கீட்டன் மேல் ஒரு வீட்டின் முகப்புச்சுவர் முழுசாகச் சாய, ஜன்னல் ஓட்டை இருந்த இடத்தில் நின்றதால் தப்பித்தார். 1987-இல் ஜாக்கி சான் 'புராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் அதே யோசனையைத் தன் பாணியில் செய்தார். முதல் பாகத்தில் மணிக்கூண்டிலிருந்து பந்தல் துணிகளைக் கிழித்துக்கொண்டு விழுந்தவர், இரண்டாவதில் அதைவிட உயரமான இடம் தேடவில்லை. வேறு ஒரு நகைச்சுவையை எடுத்துக்கொண்டார். நமக்கு வேண்டியதும் அந்தப் புத்திதான்.

மாடியில் தொங்கும் காட்சி

இதற்கு முதலில் தேட வேண்டியது தெருக்குத்து வீடு. வாஸ்து பார்க்கிறவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் வீடு, ஷூட்டிங்குக்குத் தங்கம். வீட்டுக்கு நேர் எதிரே தெரு நீளமாகப் போவதால், மாடியிலிருந்து கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்த்தாலே தெருவும் நடப்பவர்களும் ஃப்ரேமில் வந்துவிடுவார்கள். பக்கவாட்டில் ஓடும் தெருவாக இருந்தால், எட்டிப் பார்த்தால்தான் தரை தெரியும். யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஒரு மாடி வீடு, மொட்டை மாடித் தளம் தெருவிலிருந்து 22 அடி, கைப்பிடிச்சுவர் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 15 அடி உள்ளே தள்ளிச் சாரம் கட்டி, லென்ஸ் தளத்திலிருந்து 11 அடி உயரத்தில் வரும்படி கேமராவை வையுங்கள். ஃப்ரேமின் கீழ்விளிம்பு கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போகட்டும். அந்தக் கோடு தெருவில் வீட்டிலிருந்து சுமார் 47 அடி தள்ளி இறங்கும். அதற்கு அப்பால் உள்ள தெரு முழுக்க ஃப்ரேமில் இருக்கும்.

நடிகர் நிற்பது கேமராவிலிருந்து 10 அடியில், அதாவது சுவருக்கு 5 அடி உள்ளே. அந்த இடத்தில் ஃப்ரேமின் கீழ்விளிம்பு தளத்திலிருந்து ஐந்தரை அடிக்குச் சற்று மேலே போகும். ஆகவே அவரை இரண்டரை, மூன்று அடி உயர பெஞ்சில் நிறுத்தினால் இடுப்புக்கு மேலேதான் தெரியும். ஃப்ரேமுக்கு மேலிருந்து குறுக்கே வரும் ஒரு பிவிசி குழாயைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி மடக்கி உடம்பை ஆட்டினால் போதும். தொங்குகிறார் என்று யாரும் நம்புவார்கள். குழாயில் எடை கொடுக்கக் கூடாது, அது உடையும். பெஞ்ச் ஆடக் கூடாது, நாலு காலையும் மணல் மூட்டையால் அழுத்துங்கள்.

மூன்றடி பெஞ்ச்தானே என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் 3 அடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் தெரு. கட்டட வேலைக்குப் போடும் முழு உடம்பு சேஃப்டி பெல்ட்டைச் சட்டைக்குள் மாட்டி, கயிற்றை மாடி அறையின் கான்கிரீட் தூணில் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்ட வேண்டாம். பெஞ்சிலிருந்து விழுந்தாலும் கைப்பிடிச்சுவரை எட்ட முடியாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்கணும். கேமராக்காரருக்கும் பெல்ட் உண்டு.

இங்கே கெடுவது மூன்று விஷயம். ஃபோனில் அல்ட்ரா வைட் போட்டால் கைப்பிடிச்சுவர் உள்ளே நுழைந்துவிடும், 1எக்ஸ் லென்ஸே போதும். வெயில் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தால் நடிகரின் நிழல் ஃப்ரேமில் தெரியும் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்து, அவர் தரைக்குப் பக்கத்தில் நிற்பதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது காற்று. கீழே தெருவில் போகிறவர்களின் துணி அசையாமல் இருக்க, மேலே லுங்கி மட்டும் ஃபேன் வைத்த மாதிரி படபடத்தால் சந்தேகம் வரும். சித்திரை வெயிலில் எடுப்பதாக இருந்தால் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது.

விழும் காட்சி

தொங்கியவர் விழ வேண்டும். ஆனால் மாடியிலிருந்து இல்லை. வேறு இடத்தில் 8 அடி மதில்சுவர் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் அட்டைப்பெட்டிப் படுகை.

மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளில் காலிப் பெட்டி கிடைக்கும். எல்லாம் ஒரே அளவாக இருக்கணும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை அடி இருந்தால் கணக்கு சுலபம்: நீளத்துக்கு 6, அகலத்துக்கு 5, ஆக ஒரு அடுக்குக்கு 30 பெட்டி. இரண்டு அடுக்குக்கு 60. படுகை 9 அடிக்கு ஏழரை அடி, உயரம் 3 அடி. நசுங்கியதை மாற்ற இன்னொரு 25 வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ் வரும் தடித்த பெட்டி வேண்டாம். அது நசுங்காமல் உடம்பைத் திருப்பி அடிக்கும். பழைய பெட்டிகளில் இரும்புப் பின் அடித்திருப்பார்கள், ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்.

பெட்டியின் அடியை மட்டும் டேப் ஒட்டுங்கள். மேல் மடிப்பைச் சும்மா மூடி விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும், நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் பெட்டி பந்து போல நிற்கும். நிமிர்ந்த மூலைகளை உள்ளங்கையால் ஒரு தடவை அமுக்கி லேசாக மடக்கி வையுங்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவில் பிரித்த அட்டையைப் பரப்பி, எல்லாவற்றையும் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கட்டவில்லை என்றால் முதல் ஆள் விழுந்ததும் பெட்டிகள் விலகி, நடுவில் தரை தெரியும். மேலே 4 அங்குல ஃபோம் மெத்தை. ராத்திரியே அடுக்கி வைத்துவிட்டுக் காலையில் வந்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், பனியில் நனைந்த அட்டைக்குப் பலம் கிடையாது.

8 அடிச் சுவர், 3 அடிப் படுகை. ஆக விழுவது 5 அடிக்குள்தான், உடம்பு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். அதை 10 அடியாக்கினால் வேகம் 28-தான், ஆனால் பெட்டிகள் தாங்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு. இந்தப் படுகை அதற்கானது இல்லை. அதைவிட உயரம் வேண்டும் என்றால், சென்னையில் ஸ்டண்ட் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஆளைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுங்கள்.

விழுவதற்கு முன் 50 கிலோ மணல் மூட்டையைத் தள்ளிப் பாருங்கள். மூட்டை தரையில் முட்டினால் இன்னொரு அடுக்கு போடணும். சரியாக இருந்தால் நசுங்கியதை மாற்றிவிட்டு ஆளை ஏற்றலாம். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி விழணும், தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கணும், கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. காலை முதலில் வைத்தால் பெட்டி ஓட்டைக்குள் போய்க் கணுக்கால் திரும்பும். ஓடி வந்து குதிக்கவும் கூடாது. நின்ற இடத்திலிருந்து சாய்ந்தால் மூன்றடி தள்ளி விழுவார். ஓடி வந்தால் ஏழெட்டு அடி போய்விடும், அங்கே படுகையின் விளிம்புதான் இருக்கும்.

கிராமத்துப் பின்னணி என்றால் வைக்கோல் படப்பில் நேரே விழ வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அழுத்தி அடுக்கிய படப்பு கல்லாக இருக்கும், நடுவில் கம்பு இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். பெட்டிப் படுகைமேல் அரை அடிக்கு உதிரி வைக்கோலைப் பரப்புங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

விழுகிறவர் நடிகராக இல்லாமல் வேறு ஆளாக இருந்தால், ஷாட்டை வெட்டாமலே ஆளை மாற்ற ஒரு வழி உண்டு. நிறுத்தி வைத்த ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் நடிகர் ஓடுகிறார், அங்கே ஏற்கெனவே குந்தியிருப்பவர் மறுபக்கம் வெளியே வந்து சுவரேறுகிறார். கேமரா நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்கும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் ஒரே கட்டம் போட்ட லுங்கியும் சட்டையும் மூன்று செட் எடுங்கள்: ஒன்று நடிகருக்கு, ஒன்று மாற்றாளுக்கு, ஒன்று கிழிந்துபோனால் மாற்ற. புதுத் துணி பளபளப்பதால் மூன்றையும் சேர்த்தே ஒரே எண்ணிக்கையில் துவையுங்கள். எத்தனை பேர் செருப்பில் கோட்டை விட்டிருக்கிறார்கள்! நடிகர் செருப்போடு போவார், வெறுங்காலோடு ஆள் வருவார்.

கண்ணாடி

ஜன்னல் உடைவதற்குச் சர்க்கரைக் கண்ணாடி. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு, 4 மில்லிமீட்டர் கனத்தில் வார்க்க, சர்க்கரை 1 கிலோ, பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 400 கிராம், தண்ணீர் அரை லிட்டர். சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டி போடக் கூடாது, போட்டால் பூத்துப்போய்க் கண்ணாடி மங்கும். 150 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? கடலைமிட்டாய்க்குப் பார்க்கிற பதம்தான்: ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கணும், விரலால் ஒடித்தால் வளையாமல் முறியணும். 160-ஐத் தாண்டினால் மஞ்சளாகும். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், பக்கத்திலேயே வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

எண்ணெய் தடவிய, மேடுபள்ளம் இல்லாத தட்டில் மெதுவாக ஊற்றினால் குமிழி வராது. ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலே பிசுபிசுக்கும், உடைவதற்குப் பதில் வளையும். இதன் முனையும் கீறும். முகத்தால் மோத வேண்டாம், முழுக்கை போட்ட முழங்கையால் உடையுங்கள். கோலி சோடா பாட்டிலை நிஜத்தில் தலையில் உடைக்கலாம் என்று எவராவது சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எடுத்து முடித்ததும் துகளைக் கூட்டி ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அரை மணியில் எறும்புப் படை.

மாடு

இரண்டாம் பாகம், மதுரை என்றால் மாடு வேண்டும் என்பார்கள். படத்தில் விலங்கைக் காட்ட விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும், அது ஒரு பக்கம். 2022-இல் வந்த 'ஜாக்கஸ் ஃபாரெவர்' படத்தில் நடிகர் ஜானி நாக்ஸ்வில்லைக் காளை முட்டித் தூக்கி எறிந்ததில் அவருடைய விலா எலும்பும் மணிக்கட்டும் உடைந்தன, மூளையில் ரத்தக்கசிவும் ஏற்பட்டது. அத்தனை பட்ஜெட், அத்தனை ஆட்கள் இருந்தும். சலங்கைச் சத்தம், புழுதி, ஓடுகிறவர்களின் முகம், ஃப்ரேமின் ஓரத்தில் கம்பில் கட்டிய ஒரு பொய்க்கொம்பு போதும். கொம்பு யாரையும் துரத்தாத நேரத்தில்தான் சிரிப்பு வரும்.

அறையும் சத்தமும்

கன்னத்தில் அறையும் காட்சிக்கு, அறை வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னால் கேமரா இருக்கட்டும். கை முகத்திலிருந்து அரை அடி தள்ளிக் குறுக்கே போனால் போதும், தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்தால் அந்த இடைவெளி மறைந்துவிடும். கை மூக்கைக் கடக்கும் அதே கணத்தில் தலை திரும்பணும். முன்னால் திரும்பினால் ஒத்திகை போலவும், தாமதமானால் பயந்தவர் போலவும் தெரியும். எடிட்டிங்கில் வேகத்தை 110 சதவீதம் ஆக்குங்கள், அதற்கு மேல் போனால் பொம்மை ஆட்டமாகிவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மற்ற அளவுகளில் படம் மின்னும்.

சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யணும். அறையும் சத்தத்துக்கு ஈரத்துண்டைத் திண்ணையில் அடித்துப் பதியுங்கள். சர்க்கரைக் கண்ணாடி உடையும்போது அப்பளம் நொறுங்குவதுபோலத்தான் கேட்கும், ஆகவே நிஜக் கண்ணாடித் துண்டைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, மேலே இன்னொரு சாக்கு போர்த்திச் சுத்தியலால் அடித்துப் பதிவு செய்து அதன்மேல் சேருங்கள். பெட்டிப் படுகையில் விழும்போது வரும் அட்டைச் சத்தத்தை முழுசாக நீக்கிவிட்டு, நெல் மூட்டையை மண் தரையில் போடும் சத்தத்தை வையுங்கள். இரண்டு ஃப்ரேம் தாமதமாக வைத்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள்.

விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றாலோ கை கால் மரத்துப் போகிறது என்றாலோ அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். அப்படியே கிடக்க விட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்கு அடியுங்கள். ஆம்புலன்ஸ் வண்டி உள்ளே வரும் வழியில் குழுவின் பைக்குகளை நிறுத்தி வைக்காதீர்கள்.