டிஜிட்டல் கையொப்பம்: புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

ஒப்பமிடும் அந்தரங்கச் சாவியை (உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டிய ரகசிய எண்) கிட்ஹப் மாதிரி பொதுத்தளத்தில் ஏற்றாதீர்கள் என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. புதிதாக வருபவர்கள் எழுதும் நிரலைப் பார்த்தால், எங்கள் காலத்துக் கூத்தே திரும்ப நடக்கிறது. அதனால் இது.

கையொப்பம் எதையும் மறைக்காது

செய்தி யாரிடமிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்று மட்டும்தான் அது காட்டும். செய்தியை மறைக்க வேண்டுமென்றால் தனியாக என்கிரிப்ட் செய்யுங்கள்.

கே-யில் விளையாடுவது

இசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் கே என்ற ரகசிய எண் புதிதாக வேண்டும். கையொப்பமாக வெளியே போவது ஆர், எஸ் என்ற இரண்டு எண்கள். ஆர் முழுக்க கே-யைப் பொறுத்தது. ஒரே கே-யால் இரண்டு செய்திகளுக்கு ஒப்பமிட்டால் இரண்டிலும் ஆர் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். யார் கண்ணிலும் படும். அப்புறம் பள்ளிக்கூடக் கணக்குதான்: இரண்டு ஹாஷ்களின் (செய்தியைச் சுருக்கி எடுக்கும் எண்) வித்தியாசத்தை இரண்டு எஸ்களின் வித்தியாசத்தால் மட்டு முறையில் (மீதியை வைத்துச் செய்யும் கணக்கு) வகுத்தால் கே. கே தெரிந்தால் அந்தரங்கச் சாவியும் தெரிந்துவிடும். சாவி எத்தனை பிட் நீளம் என்பது இங்கே உதவாது.

பிளேஸ்டேஷன் 3 என்ற கேம் கருவியில் சோனி எல்லாக் கையொப்பத்துக்கும் ஒரே கே-யைப் போட்டிருந்தது. 2010 டிசம்பரில் பெர்லின் ஹேக்கர் மாநாட்டில் குட்டு உடைந்தது. 2013-இல் ஆண்ட்ராய்டின் ரேண்டம் எண் பிழையால் பிட்காயின் வாலட்டுகளில் கே திரும்ப வந்து, காசு களவு போனது.

இத்தனைக்குப் பிறகும், எங்கள் டீமில் சேர்ந்த ஒரு பையன் சாதாரண ரேண்டம் ஃபங்ஷனுக்கு மில்லிசெகண்ட் நேரத்தை விதையாக (தொடக்க எண்ணாக) கொடுத்து கே எடுத்திருந்தான். “ஒவ்வொரு தடவையும் மாறுதே அண்ணா” என்றான். மாறினால் போதுமா? ஊகிக்கவும் முடியக் கூடாது. ஒரு நாளுக்கு மொத்தமே 8.64 கோடி மில்லிசெகண்ட். என் லேப்டாப்பே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். அதற்கு ஒரே ஒரு கையொப்பம் போதும். கே-யில் சில பிட்டுகள் மட்டும் தொடர்ந்து கசிந்தால்கூட, நிறைய கையொப்பங்களைச் சேர்த்துச் சாவியைப் பிடித்துவிடலாம்.

எரிச்சல் என்னவென்றால், இதற்கு விடை 2013-லேயே வந்துவிட்டது. ஆர்எஃப்சி 6979 என்ற இணைய ஆவணம் சொல்லும் வழி, கே-யைச் சாவியிலிருந்தும் செய்தியின் ஹாஷிலிருந்தும் கணக்கிட்டுக்கொள்ளும். எட்25519 என்ற இன்னொரு கையொப்ப முறையும் ஏறக்குறைய அப்படித்தான். நல்ல லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த தயார் நிரல்) கே-யை உங்களிடம் கேட்கவே கேட்காது. மெனக்கெட்டு உள்ளே போய் மாற்றுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எம்டி5, ஷா-1

உடைந்துபோன பழைய ஹாஷ் முறைகள் இவை. வேண்டாம்.

பழைய செய்தி திரும்ப வந்தால்?

“100 ரூபாய் அனுப்பு” என்ற செய்தி பத்தாவது முறை வந்தாலும் கையொப்பம் செல்லும். வரிசை எண்ணையும் சேர்த்து ஒப்பமிடுங்கள். வந்த எண் மறுபடி வந்தால் தள்ளுங்கள்.

சரிபார்ப்பைச் சோதிக்காமல் விடுவது

சரியான கையொப்பம் தேறுகிறதா என்று மட்டும் டெஸ்ட் எழுதுகிறார்கள். 2022-இல் வெளிவந்த ஜாவா பிழையில் ஆர், எஸ் இரண்டும் 0 என்று கொடுத்தாலே எந்தச் செய்தியும் தேறியது. 2022 ஏப்ரலில் திருத்தம் வரும்வரை ஜாவா 15 முதல் 18 வரை இந்தக் கதைதான். உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு பூஜ்யத்தை அனுப்பியும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.