எத்தனை விமானம் விழுந்தது என்று எண்ணாதீர்கள்

இந்தியா-பாகிஸ்தான் போர் என்று பேச்செடுத்தால் போதும், நாங்கள் இத்தனை வீழ்த்தினோம், நீங்கள் அத்தனை இழந்தீர்கள் என்று ஸ்கோர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். இரண்டு தரப்பும் சொல்லும் எண்கள் ஒத்துப்போவதே இல்லை. ஒத்துப்போனாலும் விமானப்படையால் போரில் என்ன மாறியது என்பது அதில் தெரியாது.

ஓடுபாதையைப் பாருங்கள். 1971 டிசம்பரில் கிழக்கு பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) பாகிஸ்தானிடம் இருந்தது ஒரே ஒரு சேபர் போர் விமான ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), அதுவும் டாக்காவின் தேஜ்காவ் தளத்தை நம்பி. முதல் இரண்டு நாள் வானத்தில் மோதியும் விஷயம் முடியவில்லை, அப்புறம் இந்தியாவின் மிக்-21 போர் விமானங்கள் ஓடுபாதையிலேயே குண்டு போட்டுப் பள்ளம் பள்ளமாக்கிவிட்டன. சேபர்கள் பல நன்றாகத்தான் நின்றன, ஆனால் மேலே எழும்ப வழியில்லை. கடைசியில் சரணடைவதற்கு முன் பாகிஸ்தான்காரர்களே அவற்றை உடைத்துப்போட்டார்கள். எந்த ஸ்கோரிலும் இது வராது.

அடுத்து, வானம் காலியானதால் தரையில் யாருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். 11ஆம் தேதி டாக்காவுக்கு வடக்கே டாங்காயிலில் இந்தியப் பாராசூட் படையை இறக்க முடிந்தது. மெதுவாகப் போகும் டகோட்டா சரக்கு விமானங்களை எதிரி விமானம் சுற்றும் வானத்தில் யாரும் அனுப்ப மாட்டார்கள். 14ஆம் தேதி டாக்காவில் கிழக்கு பாகிஸ்தான் ஆளுநர் மாளிகை மேல் விமானத் தாக்குதல், அன்றே ஆளுநர் மாலிக் ராஜினாமா, 16ஆம் தேதி சரண்.

முதல் அடி விழுந்தபோது விமானங்கள் எங்கே நின்றன என்பதையும் பாருங்கள். அண்டை நாடு என்றால் தூரமே கிடையாது, அமிர்தசரஸிலிருந்து எல்லை சுமார் 30 கிலோமீட்டர்தான், எச்சரிக்கை வந்து ஓடுவதற்குள் குண்டு விழுந்துவிடும். 1965 செப்டம்பர் 6 அன்று பதான்கோட்டில் வெட்டவெளியில் நின்ற இந்திய விமானங்கள் அப்படித்தான் எரிந்தன. அந்தச் சூடு கண்டு விமானங்களுக்கு மறைப்புக் கொட்டில் கட்டினார்கள், அதனால் 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் அதே மாதிரி வந்து அடித்தபோது பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை.

கார்கிலைப் படிக்கும்போது மட்டும் இன்னொரு கேள்வி: கையைக் கட்டியிருந்தார்களா? 1999இல் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. மே 28 அன்று எம்ஐ-17 ஹெலிகாப்டர் தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணையில் விழுந்தபிறகுதான் ஏவுகணை எட்டாத உயரத்திலிருந்து அடிக்கும் முறைக்கு மாறினார்கள், மிராஜ் 2000 போர் விமானம் லேசர் வழிகாட்டும் குண்டோடு கார்கிலின் டைகர் ஹில் சிகரத்தின் மேல் வந்தது ஜூன் கடைசியில்.

கையைக் கட்டியது இன்னும் இறுக்கமாக இருந்தது 1962 சீனப் போரில்: சண்டை விமானங்களையே இறக்கவில்லை, சரக்கு விமானங்கள்தான் பறந்தன. இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று இன்றும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, நேஃபாவின் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) அடர்ந்த மலைக்காட்டில் மேலிருந்து பார்த்தால் யார் எங்கே என்று தெரியவா போகிறது?