புளொக் ஃபில்லர் ஊற்றுமுன்

"அண்ணன், புளொக்குக்குள்ள ஃபில்லர் ஊத்தினா எஞ்சின் சூடேறாதாமே?"

கல்முனையிலிருந்து டொயோட்டா ஸ்டார்லட் டேர்போ காரோடு வந்த தம்பி கேட்டார். யாரோ தலைகீழாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஃபில்லர் என்பது எஞ்சின் புளொக்குக்குள் தண்ணீர் ஓடும் இடைவெளியில் ஊற்றி இறுகவைக்கிற, சீமெந்து போன்ற கலவை. அது குளிர்ச்சிக்கு இல்லை, உறுதிக்கு. தண்ணீர் ஓடுகிற இடத்தைக் கல்லாக்கி அடைத்தால் எப்படிக் குளிரும்?

அவருடையது 4ஈ-எஃப்டிஈ எஞ்சின். 1331 சிசி, இரும்புப் புளொக், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ. பூஸ்டை, அதாவது டேர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, கூட்டக் கூட்டச் சிலிண்டர் சுவர் நெளியும், வட்டம் குலையும், பிஸ்டன் ரிங் பிடிக்காது. அடிப்பகுதியை இறுக்கிப் பிடித்தால் அந்த நெளிவு குறையும். பூஸ்ட் கூட்டாத வண்டிக்கு இது வீண்செலவு. வெடிப்பு விழுந்த புளொக்குக்கு இது மருந்தும் இல்லை.

ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பாதிதான் ஊற்றவேண்டும். நெருப்பு எரிவது மேலே. தண்ணீருக்குப் போகும் சூட்டில் பெரும்பங்கு ஹெட்டிலும் சிலிண்டரின் மேற்பகுதியிலும்தான் ஏறுகிறது, கீழே குறைவு. அதனால் கீழே அடைத்தாலும் தண்ணீர்ச் சூடு காட்டும் முள் பெரிதாக அசையாது. வாய்வரை நிரப்புவது ட்ராக் (drag) ரேஸ் காரருக்கு. சில விநாடி ஓடிவிட்டு நிறுத்துகிற எஞ்சினும், கல்லடிப் பாலத்து நெரிசலில் நிற்கிற எஞ்சினும் ஒன்றில்லை.

வேலையில் பாதி துப்புரவுதான். கரையோரக் கிணற்றில் பல இடங்களில் உவர்த்தண்ணீர். அதையே ரேடியேட்டருக்கு ஊற்றி ஓடிய வண்டிகளின் வோட்டர் ஜக்கட்டை (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறையை) திறந்தால் துரு பொருக்குப் பொருக்காகக் கிடக்கும். அந்தப் பொருக்கின் மேல் ஊற்றினால் ஃபில்லர் இரும்பைப் பிடிக்காது, துருவைத்தான் பிடிக்கும். புளொக்கின் பக்கத் துவாரங்களை அடைக்கும் தகட்டு மூடிகளான வெல்ஷ் பிளக் எல்லாவற்றையும் தட்டிக் கழற்றி, கம்பியால் சுரண்டி, லேத் கடையில் சுடுமருந்துத் தொட்டியில் போட்டு எடுத்து, அலசிக் காயவைக்கவேண்டும். விரலை விட்டுத் தேய்த்தால் சிவப்பு ஒட்டக்கூடாது. ஒட்டினால் மறுபடி தொட்டிக்கு. பிறகு புதுப் பிளக் அடித்து, ஒயில் ஓட்டைகளை டேப்பால் மூடிவிடுங்கள்.

வோட்டர் பம்ப் தண்ணீர் நுழையும் துவாரத்தின் அடி விளிம்புதான் எல்லை. புளொக்கின் மேல்முகத்திலிருந்து அதுவரை ஒரு கம்பியால் அளந்து, அதற்கும் ஒரு விரல் கீழே அடையாளம் போடுங்கள். கூடிப்போனால் திருப்பி எடுக்க வழியில்லை.

கிராங்க் தண்டைப் பிடிக்கும் மெயின் கெப்புகளை உரிய டோர்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கிவிட்டே ஊற்றவேண்டும். ஊற்றி முடித்த கையோடு, ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடான டோர்க் பிளேட் இல்லாவிட்டால் பழைய ஹெட்டையாவது கஸ்கட்டோடு இறுக்கிவிடவேண்டும். கல் இறுகும்போது புளொக் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைதான் நிற்கும்.

மேசன் சீமெந்தால் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது காயும்போது சுருங்கிச் சுவரை விட்டு விலகும். இதற்கென்று விற்கும் ஃபில்லர் சுருங்காது, சூட்டில் ஏறத்தாழ வார்ப்பிரும்பு விரிகிற அளவே விரியும். அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவதால் அலுமினியப் புளொக்கில் நான் கைவைப்பதில்லை.

தண்ணீரைப் பையில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள். இளக்கமாக இருந்தால் ஊற்றச் சுகம், இறுகிய பிறகு பலமில்லை. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் நடுப்பகலில் கலக்கவே வேண்டாம், வாளியிலேயே இறுகத் தொடங்கும். நான் விடியற்காலையில் குளிர்தண்ணீரில் கலப்பேன். மட்டக்கோல் வைத்துப் புளொக்கைச் சமப்படுத்தி, ஒரே பக்கத்திலிருந்து மெல்ல ஊற்றினால் காற்று மறுபக்கத்தால் வெளியேறும். ரப்பர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டிக்கொண்டே இருங்கள்.

பிறகு பொறுமை. பை சொல்லும் நாளுக்குமேல் நான் இன்னும் ஒரு கிழமை விடுவேன். போர் அடிப்பதும் (சிலிண்டரைக் கடைவதும்) ஹோன் பண்ணுவதும் (அதன் சுவரைத் தீட்டுவதும்) அதற்குப் பின்தான். என் முதல் புளொக்கை அவசரத்தில் போர் அடித்துவிட்டு ஊற்றினேன். கேஜ் விட்டுப் பார்த்தால் வட்டம் போயே போச்சு. அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் என் காசில் வாங்கினேன்.

இனிச் சூடு. உள்ளே தண்ணீர் குறைவு என்பதால் காலையில் சீக்கிரம் சூடாகும், அது பிழையில்லை. கவனிக்க வேண்டியது ஒயில். கீழ்ச்சுவரின் சூட்டை எடுக்கத் தண்ணீர் இல்லாததால் அது ஒயிலுக்குப் போகிறது. ஒயில் கூலரும், சம்பில் (எஞ்சினின் அடி ஒயில் தொட்டியில்) ஒரு சூட்டுமானியும் போடாமல் நான் எஞ்சினைக் கையில் கொடுப்பதில்லை. ஊருக்குள் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், செங்கலடியிலிருந்து மகா ஓயாப் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம் ஓடுங்கள். ஒயில் சூடு 100 முதல் 110 பாகை செல்சியஸ் நல்லது. 130ஐ நெருங்கினால் காலை எடுங்கள்.

சூடென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கழற்றாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 பாகையளவில்தான் கொதிக்கும்.

இன்னொன்று. புளொக்கின் அடியிலுள்ள தண்ணீர் வடிக்கும் திருகாணி பெரும்பாலும் ஃபில்லருக்குள் புதைந்துவிடும். கூலன்ட் மாற்றும்போது அதைத் திருகிப் பார்த்து மினக்கெடாமல் ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றுங்கள். தம்பியின் வண்டியில் அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி போட்டுவிட்டேன், அடுத்து வேலை செய்யும் பாஸ் அதோடு மல்லுக்கட்டாமல் இருக்க.