துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள்: சிங்கப்பூரில் நெபுலா படமெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

நெபுலாவை, அதாவது விண்வெளி வாயு மேகத்தை, யூடியூபைப் பார்த்துப் படமெடுக்கக் கற்றுக்கொண்டவர்கள், மவுண்டை (வானம் நகர்வதற்கு ஏற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியை) வைத்ததும், அதன் அச்சை நேராக்கத் துருவ நட்சத்திரத்தைத் தேடுவார்கள். நானும் மூன்று இரவுகள் தேடினேன். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகைதான் வடக்கே. அந்த நட்சத்திரம் அடிவானத்தில் ஒட்டிக் கிடக்கும், எதிர் புளோக் அதை மறைத்துவிடும். காம்பஸ் வைத்து மவுண்டை வடக்கே திருப்பி, ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். மவுண்ட் வாங்கும் முன்பே, அதன் அச்சு ஒரு பாகை வரை தாழுமா என்று கேட்டுவிடுங்கள். சிலவற்றில் எதிரெடை மாட்டும் கம்பி முக்காலியில் போய் இடிக்கும்.

அடுத்தது ஏர்கான். குளிர் அறையிலிருந்த தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே கார் நிறுத்துமிட மொட்டை மாடிக்குப் போனால், தே பெங் (ஐஸ் தேநீர்) கிளாஸ் வேர்ப்பதுபோல லென்ஸ் வேர்த்துவிடும். நான் சட்டை நுனியால் துடைத்தேன். கீறல் இன்னும் இருக்கிறது. ஒரு மணி நேரம் முன்பே, பையைத் திறக்காமல், ஏர்கான் இல்லாத இடத்தில் வையுங்கள். அப்புறம் லென்ஸைச் சுற்றி வெப்பப்பட்டை கட்டுங்கள். வீடு திரும்பியதும் டிரை கேபினெட்டில், அதாவது ஈரம் போக்கும் அலமாரியில், வையுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

ஃபில்டரில்தான் காசு வீணாகிறது. நகர வெளிச்சத்தைக் குறைக்கும் பழைய ஒளிமாசு ஃபில்டர்கள் சோடியம் விளக்கின் மஞ்சளை வெட்டுபவை. இன்றைய வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுவதால் அவை பெரிதாக உதவா. தானே ஒளிரும் உமிழ் நெபுலாவின் ஒளியோ ஒருசில குறிப்பிட்ட நிறங்களில் குவிந்திருக்கிறது: ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு, ஆக்சிஜனின் 500.7. இவ்விரண்டை மட்டும் விடும் இரட்டைக் குறும்பட்டை ஃபில்டரே நமக்குப் பொருந்தும். ஆனால் சாதாரண கேமராவின் சென்சார் முன்னால் உள்ள கண்ணாடி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அந்தக் கண்ணாடியை மாற்றாமல் ஃபில்டர் மட்டும் வாங்கினால், நெபுலா மங்கலாகத்தான் வரும்.

இரவிலும் 27, 28 டிகிரி இருப்பதால் சென்சாரில் இரைச்சல் (படத்தில் தெரியும் பொய்ப் புள்ளிகள்) அதிகம். அதைக் கழிக்க லென்ஸை மூடி எடுக்கும் டார்க் படங்களை அதே சூட்டில், அங்கேயே எடுங்கள். மறுநாள் ஏர்கான் அறையில் எடுத்தவை ஒத்துவராது.

ஓரையன் நெபுலாவை டிசம்பரில் பிடிக்க நினைப்பது இன்னொரு தவறு. கிட்டத்தட்ட தலைக்கு மேலே வரும், சரி. ஆனால் அது பருவமழைக் காலம். பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் மட்டும் எடுத்தால் அதன் நடுப்பகுதி வெளுத்துவிடும். ஐந்து, பத்து விநாடிப் படங்களும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளின் பட்டியல்களில் கரினா நெபுலா இருக்காது, அங்கே அது தெரிவதில்லை. நமக்கு ஏப்ரல் கடைசியில், இரவு ஒன்பதரை மணிவாக்கில், தெற்கே 29 பாகை உயரத்தில் நிற்கிறது.