ஆப்பிரிக்கன் கிரே வளர்க்கிறவர்களுக்கு: கண், கழுத்து, எச்சம் பார்க்கப் பழகுங்கள்

எங்கள் வீட்டு ஆப்பிரிக்கன் கிரே கிளிக்கு சாம்பு என்று பெயர். சாம்பல் நிறம் என்பதால் வைத்தது, வேறு பெரிய யோசனை எதுவும் இல்லை. ஒன்பது வருடமாக எங்களோடு இருக்கிறது. பார்க்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "பேசுமா?" என்றுதான். பேசும். என் மனைவியை என் அம்மா குரலில் கூப்பிடும், அது அடித்த விசிலைக் குக்கர் விசில் என்று நம்பி அவள் அடுப்பை அணைக்க ஓடிய நாளும் உண்டு. ஆனால் இந்தப் பறவையைப் பற்றி நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டது எதுவும் அது பேசியதைக் கேட்டு வரவில்லை. கண்ணையும் கழுத்து இறகையும் எச்சத்தையும் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கிரே 40 முதல் 60 வருடம் வரை இருக்கும். உங்களுக்கு இப்போது நாற்பது வயது என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வகை உண்டு. காங்கோ கிரே பெரியது, சுமார் 33 செ.மீ. நீளம், எடை 400 கிராமுக்கு மேல் கீழ், வால் நல்ல ரத்தச் சிவப்பு, அலகு முழுக்கக் கறுப்பு. டிம்னே கொஞ்சம் சின்னது, வால் மங்கின மெரூன், மேல் அலகில் எலும்பு நிறம் தெரியும். குஞ்சுக்குக் கண் கருப்பாக இருக்கும், வளர வளர சாம்பலாகி, ஒன்றிரண்டு வயதில் வெளிர் மஞ்சளாகும். அதனால் "ஆறு மாசக் குஞ்சு சார்" என்று யாராவது மஞ்சள் கண்ணோடு ஒன்றைக் காட்டினால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். தானாகச் சாப்பிடப் பழகாத குஞ்சை, சிரிஞ்சில் ஊட்டி வளர்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று தலையில் கட்டுவார்கள், அதையும் வாங்க வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர் கையில் உணவு மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துப்போகும் குஞ்சுகள் நிறைய.

அப்புறம் காகிதம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து பிடித்துப் பிடித்தே இதைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள், கானாவில் 1990களிலிருந்து கணக்கெடுத்தால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டிஸ் (காட்டு உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) மாநாட்டில் இதை முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள், அதாவது காட்டில் பிடித்த பறவையை வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. இந்தியாவில் 2022இல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தி, 2024இல் விதிகளும் போட்டுவிட்டார்கள். வீட்டில் கிரே இருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். விற்கிறவரிடம் ரசீதும் காலில் மூடிய வளையமும் (குஞ்சாக இருக்கும்போதே மாட்டுகிற, திறக்க முடியாத வளையம்) பதிவு விவரமும் கேளுங்கள், முகம் சுளித்தால் அங்கே வாங்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது முழுக்கவே குற்றம், அது வேறு கதை.

கூண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம். கம்பிகளுக்கு நடுவே முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இடைவெளி இருக்கலாம், அதற்கு மேல் போனால் தலை மாட்டும். துத்தநாகம் பூசிய வெல்ட் மெஷ் கூண்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் கிரே கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பிறவி, துத்தநாகம் உள்ளே போய் விஷமாகும். உட்கார ஒரே பருமனில் வழுவழு கட்டை போடாமல் கொய்யாக் கிளை, வேப்பங்கிளை என்று பருமன் மாறி மாறி வையுங்கள், காலுக்கு நல்லது. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்க வேண்டும். நடுஹாலில் நாலாபக்கமும் திறந்து வைத்தால் முதுகுக்குப் பின்னால் யார் வருவார்கள் என்ற பயத்திலேயே இருக்கும். காட்டில் இது இரை என்பதை மறக்காதீர்கள்.

சமையலறைப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நமக்கு லேசான தலைவலி, பறவைக்குச் சில நிமிடங்களில் மரணம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், கூடவே காற்றுப்பைகள் வேறு, அதனால் ஆக்சிஜனை எவ்வளவு நன்றாக இழுக்கிறதோ அவ்வளவு நன்றாக விஷத்தையும் இழுக்கும். கொசுவத்தி, ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி எல்லாம் அந்த அறையில் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்காக எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வருடம் சண்டை நடந்தது. இப்போது சாம்பிராணி மொட்டை மாடியில்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கிரே கடிப்பதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும், நமக்குத்தான் கேட்பதில்லை. வந்த புதிதில் ஒரு சாயங்காலம் சாம்பு கூண்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன். அதன் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிப் பெரிதானது, மறுபடி சுருங்கியது. கழுத்து இறகெல்லாம் மீன் செதில் மாதிரி தனித்தனியாக எழுந்து நின்றது, உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்து இறுகியது. சந்தோஷத்தில் குதிக்கிறது என்று நினைத்து இன்னும் கிட்டப் போனேன். கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கண் சுருங்கி விரிவது பரபரப்பு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பிடித்த பாட்டு கேட்டாலும் அது நடக்கும், கோபத்திலும் நடக்கும், கூட இருக்கிற மற்ற அடையாளங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தலையைக் குனிந்து பிடரி இறகை மட்டும் மெத்தென்று விரித்தால், சொறிந்துவிடு என்கிறது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, ஒல்லியாக நீண்டு நின்றால் பயம். அடித்தொண்டையில் உறுமினால் விலகிப் போங்கள். தூங்கப்போகும் முன் அலகை நறநறவென்று தேய்த்தால் மனசு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கடித்தால் கத்தாதீர்கள், கிரேவுக்கு நாடகம் பார்ப்பதில் தனி ஆசை, அடுத்த தடவை அந்தக் கத்தலுக்காகவே கடிக்கும். முகத்தில் எதுவும் காட்டாமல் மெதுவாக இறக்கி விட்டு, ஒரு நிமிடம் திரும்பி நில்லுங்கள், போதும். கையில் ஏறப் பழக்க, வயிற்றுக்கு மேலே விரலை வைத்து அழுத்துகிறார்கள், அது தேவையில்லை. இன்னொரு கையில் பாதாம் துண்டைக் காட்டி "ஏறு" என்று சொல்லி, ஒரு கால் வைத்தாலே கொடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், இரண்டு தடவை. உடம்பைச் சுற்றிக் கையால் இறுக்கிப் பிடிப்பது கூடவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. தடவுவதும் தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவினால் ஜோடி என்று எடுத்துக்கொள்ளும், பிறகு உங்களைத் தவிர வீட்டில் யார் வந்தாலும் சண்டைக்கு நிற்கும்.

கத்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடுத்த அறைக்குப் போனதும் விசிலடிக்கிறதா? "எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிறது, காட்டில் கூட்டத்தோடு அப்படித்தான் பேசிக்கொள்ளும். அங்கிருந்தே பதில் விசில் ஒன்று அடியுங்கள், அடங்கிவிடும். பதிலே வராவிட்டால்தான் விசில் அலறலாக மாறும், அலறினால் ஓடி வருகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அலறல்தான்.

பேச்சு ஒரு வயதுக்குப் பக்கத்தில் வரும். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற கிரே, 2007இல் சாகும்போது நூறு வார்த்தைக்கு மேல் தெரிந்து வைத்திருந்தது, நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை எல்லாம் சொன்னது. அவர் கையாண்ட வழி நம் வீட்டிலும் நடக்கும்: கிளி எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் "இது என்ன?" என்று கேட்க, மற்றவர் "சாவி" என்று சரியாகச் சொல்லி அந்தச் சாவியையே வாங்கிக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்குப் பொறாமை வந்தால் பாதி வேலை முடிந்தது. செல்போனில் பதிவு செய்து ஓட விடுவது வீண். எல்லாக் கிரேவும் பேசும் என்றும் இல்லை, பேசாததும் நல்ல கிரேதான்.

சாப்பாடுதான் பலர் கோட்டை விடும் இடம். நானும் விட்டேன். முதல் மூன்று வருடம் சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும்தான், சாம்புவும் ஆசையாகத் தின்றது. பிறகு வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, கூண்டை ஜன்னலோரம் மாற்றினோம். இரண்டு வாரத்தில் கூண்டின் அடியில் சாம்பல் பஞ்சு. நெஞ்சு இறகைத் தானே கடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தது. "சும்மா மனக்கவலை, இன்னொரு கிளி வாங்கிப் போடுங்கள்" என்றுதான் பலரும் சொன்னார்கள். பறவைகளைத் தனியாகப் பார்க்கிற டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், கால்சியம் கீழே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே தினமும் காக்கை வந்து உட்காருவதும் அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. இரண்டையும் சரிசெய்து, இறகு திரும்பி வர ஏழு மாதம். இடது பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: தானே பிடுங்கும் கிளிக்குத் தலை இறகு முழுசாக இருக்கும், அலகு அங்கே எட்டாது. தலையிலும் உதிர்ந்தால் நோயாக இருக்கலாம், கூட வேறு கிளி இருந்தால் அது பிடுங்கியிருக்கலாம், தாமதிக்காமல் டாக்டர்.

கிரேவுக்கு மற்ற கிளிகளைவிடக் கால்சியம் குறைபாடு சீக்கிரம் வரும், முற்றினால் வலிப்பில் விழும். அதனால் பாதிக்கு மேல் பெல்லட் (கிளிக்கென்றே சத்துகளைக் கலந்து செய்த உருண்டைத் தீவனம்), மீதி காய்கறி, கீரை, முளைகட்டிய பயறு, கொஞ்சம் பழம். முருங்கைக்கீரையை ஈர்க்கோடு தொங்க விடுங்கள், பிய்த்து விளையாடிக்கொண்டே தின்னும். கேரட், பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் ஏ வைட்டமின் கிடைக்கும். பச்சை மிளகாயை முழுசாகக் கொடுத்தாலும் பறவைக்கு உறைப்பே தெரியாது, சாம்பு அதைக் கடலை மிட்டாய் மாதிரி தின்னும். தின்ற கால்சியம் உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும், கண்ணாடி வழியே வரும் வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் இருக்காது. காலை இளவெயிலில், வலையடித்த பால்கனியில் அரைமணி நேரம், பாதி நிழல் இருக்கும்படி. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, மது, வெங்காயம், பூண்டு இவையெல்லாம் விஷம். நிலக்கடலையில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும், நான் அதை விட்டேவிட்டேன். விதையிலிருந்து பெல்லட்டுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள், தெரியாத பொருளைச் சாப்பாடு என்றே எடுத்துக்கொள்ளாமல் பட்டினி கிடக்கும். மாதக்கணக்கில் மெதுவாக.

தட்டில் கொட்டிக் கொடுப்பதைவிட ஒளித்துக் கொடுப்பது நல்லது. காட்டில் நாள் முழுக்கத் தேடித் தின்கிற பறவை, பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்தால் மீதி நேரத்துக்கு இறகைத்தான் பிய்க்கும். பாக்குமட்டைத் தட்டைத் துளையிட்டுத் தொங்க விடுங்கள், பாதாமைச் சோளத்தோலில் சுற்றி முடிச்சுப் போடுங்கள், கொட்டாங்குச்சிக்குள் வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் மணியை சாம்பு ஒரு வருடம் தொடவே இல்லை. புதுப் பொருளுக்குக் கிரே பயப்படும், முதலில் கூண்டுக்கு வெளியே தூரத்தில் வைத்து நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

இந்தக் கிளி உடம்பிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் உதிரும், கருப்புச் சட்டை போட்டுத் தூக்கினால் தெரியும், ஆஸ்துமா இருக்கிற வீட்டில் யோசித்து வாங்குங்கள். வாரம் இரண்டு மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரைத் தலைக்கு மேலே மழைபோல் தூவினால் தூள் குறையும். தூக்கம் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். வெளியே விடும்போது சீலிங் ஃபேன் நின்றிருக்க வேண்டும், ஜன்னல் வலை மூடியிருக்க வேண்டும். இறக்கை வெட்டச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். உடம்பு கனம், வெட்டினால் கல் மாதிரி விழும், மார்பெலும்பு பிளந்த கிரேவை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்குக் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும், சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டு யாராவது பக்கத்தில் படுங்கள்.

நோய் வந்தால் கடைசி வரை மறைக்கும், அதனால் எடைதான் சாட்சி. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒரு காலை, எச்சம் போட்ட பிறகு, சாப்பிடும் முன் நிறுத்துங்கள். பத்து சதவீதம் குறைந்தால் அன்றே டாக்டர். எச்சத்தில் மூன்று பாகம் இருக்கும்: பச்சையோ பழுப்போ கழிவு, வெள்ளை யூரேட் (சிறுநீரகத்திலிருந்து வரும் கெட்டிக் கழிவு), தெளிந்த நீர். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கவனிக்க வேண்டும். மாதுளை தின்ற அன்று சிவப்பாக வந்தால் பதறாதீர்கள். உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். புது இறகு உடைந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே போங்கள்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சாம்புவின் வாரந்தோறும் எடை, டாக்டர் நம்பர், பதிவு எண், கொடுக்கக் கூடாத சாப்பாடு, கடைசி வரியில் எங்களுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கும் என் அக்கா பெண்ணின் பெயர். அவளுக்கு இப்போது பதினேழு வயது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கண்ணைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கை நீட்டுகிறாள்.