ஊருணித் தண்ணீரில் களைக்கொல்லி: எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது எப்படி?

சந்தேகம் வந்தவுடன் பக்கத்து வயல்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி, ஊருணி அல்லது போர் (ஆழ்துளைக் கிணறு) என்று தண்ணீர் வந்த வழியே பின்னோக்கிப் போங்கள். தொட்டியில் காவிரிக் கூட்டுக் குடிநீரும் உள்ளூர் போர்த் தண்ணீரும் சேர்ந்தால், சேருவதற்கு முன்பே இரண்டிலும் தனித்தனியாக மாதிரி பிடியுங்கள்.

மாதிரி எடுக்கும் நாள்தான் முக்கியம். புழுதி விதைப்பு (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைப்பது) முடிந்து களைக்கொல்லி மருந்தும் அடித்த பிறகு, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தண்ணீர் ஓடும் முதல் மழையிலேயே எடுங்கள். கார்த்திகையில் ஊருணி நிரம்பிய பிறகு எடுத்தால் எல்லாம் நீர்த்துப்போயிருக்கும். கிளைக்கால் சேரும் இடத்தில் மூன்று மாதிரி: சேருமிடத்துக்கு மேலே, கிளையில், கீழே. அளவு கூடும் பக்கமாக ஏறுங்கள்.

ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். மாதிரியாகப் பிடிக்கும் தண்ணீரால் பாட்டிலை முதலில் அலசக் கூடாது. மருந்து சுவரில் ஒட்டி அளவைக் கூட்டிக் காட்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டைப் பாட்டிலில் போட்டுத் தருவார்கள். வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளே சேர்த்துவிடுங்கள். ஓடாமல் கிடந்த போரில், உள்ளே நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கை இறைத்துவிட்டுப் பிடிக்க வேண்டும். 6 அங்குல போரில் மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும்.

"பூச்சிமருந்து டெஸ்ட்" என்று பொதுவாகக் கேட்டால் பணம் வீண். அந்தப் பட்டியலில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி பெரும்பாலும் இருக்காது. அதற்குத் தனிச் சோதனை, தனிப் பாட்டில். இந்தப் பருவத்தில் எது விற்றது என்று உரக்கடையில் விசாரித்து, லேபிளில் உள்ள மருந்தின் வேதிப்பெயரை எழுதிக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, களைக்கொல்லிகளில் லிட்டருக்கு அட்ரசின் 2 மைக்ரோகிராம், 2,4-டி 30, பியூட்டாகுளோர் 125 வரை அனுமதிக்கிறது. ஆய்வகக் கருவி 5 மைக்ரோகிராமுக்குக் கீழே காணாது என்றால், அட்ரசின் "இல்லை" என்று வரும் முடிவுக்கு அர்த்தமே இல்லை.

அட்ரசினோடு அதன் சிதைபொருளான டிஎத்தில் அட்ரசினையும் கேளுங்கள். சிதைபொருள் மிகுந்திருந்தால், மருந்து மண்ணுக்குள் மெல்ல இறங்கி வந்திருக்கலாம். போரில் மருந்து சிதையாமல் அப்படியே அதிகமாக வந்தால் போரின் வாய்ப்பகுதியைப் பாருங்கள். ஸ்பிரேயர் டேங்குக்குள் ஹோஸை முக்கித் தண்ணீர் பிடிக்கும்போது கரண்ட் போனால், டேங்கில் இருப்பது போருக்குள் திரும்ப இழுக்கப்படும்.

கிளைஃபோசேட் வந்தால் வயலை மட்டும் நினைக்காதீர்கள். அது மண்ணில் நன்றாக ஒட்டும். கல்லிலும் சிமெண்ட்டிலும் ஒட்டாமல் மழையோடு ஓடிவிடும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றத்தில் புல்லுக்கு அடித்தார்களா, வரத்துக்கால் கரையில் அடித்தார்களா என்று கேளுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் மருந்து போகாது. வேறு தண்ணீர்தான் வழி.