தோல்வியே காணாத கல்லூரி அணிகளின் தரவரிசை பற்றி வாதிடுவது எப்படி

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகைக் கால்பந்தில், கல்லூரிகளின் மேல்நிலைப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஆனால் ஓர் அணி வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டங்களே. அவற்றிலும் எட்டோ ஒன்பதோ அதன் சொந்தக் கான்ஃபரன்சுக்குள், அதாவது அது சேர்ந்திருக்கும் அணிக்குழுவுக்குள், நடப்பவை. சீசன் முடிவில் தோற்காமல் நிற்கும் இரண்டு அணிகள் அதுவரை ஒன்றோடொன்று மோதியிருக்கவே முடியாது. மோதியிருந்தால் அவற்றில் ஒன்று தோற்றிருக்கும். எனவே விவாதத்தை மிக எளிதில் முடித்து வைக்கக்கூடிய சான்றான நேரடி மோதலின் முடிவு இங்கே கிடைப்பதில்லை. மறைமுகச் சான்றுகளை எடைபோட்டுத்தான் வாதிட வேண்டும், அதற்கு ஓர் ஒழுங்கு தேவை.

முதலில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். நாளை ஒரு பொதுவான மைதானத்தில் ஆடினால் எந்த அணி வெல்லும் என்பது ஒரு கேள்வி. இதுவரை ஆடிய ஆட்டங்களின் மூலம் எந்த அணி அதிகம் சாதித்திருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் வரவேண்டிய கட்டாயமில்லை. 2014இல் தோல்வியே காணாத ஃபுளோரிடா ஸ்டேட், பல ஆட்டங்களை நூலிழையில் வென்றிருந்த காரணத்தால், தலா ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கும் ஓரிகனுக்கும் பின்னால், பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவால், மூன்றாம் இடத்தில் வைக்கப்பட்டது. பின்னர் ரோஸ் பௌலில் (சீசன் முடிவில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களில் ஒன்று) ஓரிகனிடம் 59–20 என்று தோற்றது. 2023இல் அதே ஃபுளோரிடா ஸ்டேட் 13–0 (13 வெற்றி, தோல்வி இல்லை) என்ற பதிவோடும் கான்ஃபரன்ஸ் பட்டத்தோடும் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, நான்கு அணிகளுக்கான பிளேஆஃபில் இடம் இழந்தது. அதன் முதன்மைக் குவாட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) ஜோர்டான் டிராவிஸ் நவம்பரில் காயமடைந்திருந்தார். அந்த முடிவு தவறு என்பதே என் கருத்து. மூன்று மாதங்கள் சாதனையைப் பார்த்து வரிசைப்படுத்திவிட்டுக் கடைசி வாரத்தில் வருங்கால வலிமைக்கு அளவுகோலை மாற்றினால், களத்தில் ஏற்கெனவே வென்றெடுத்த ஆட்டங்களுக்கு மதிப்பில்லாமல் போகிறது. முக்கிய வீரர்கள் இல்லாத நிலையைக் கருத்தில் கொள்ளத் தேர்வுக் குழுவின் விதிமுறையே இடம் தருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், உங்கள் அளவுகோலை முதலிலேயே அறிவித்து, அதையே எல்லா அணிகளுக்கும் இறுதிவரை பயன்படுத்துங்கள்.

சாதனையே அளவுகோல் என்றால், அடுத்து எழுவது ஆட்ட அட்டவணையின் கடினம். இங்கேதான் பெரும்பாலான வாதங்கள் தடுமாறுகின்றன, ஏனெனில் எதிரணிகளின் சராசரி வெற்றி விகிதத்தை எடுத்து ஒப்பிடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சராசரி ஏமாற்றும். தோல்வியில்லாத பதிவை உண்மையில் சோதிப்பது கடினமான மூன்று நான்கு ஆட்டங்கள்தான். எஞ்சிய எதிரணிகளில் ஒன்று மோசமா படுமோசமா என்பது சராசரியை மாற்றுமே தவிர, வலுவான அணி ஒன்றின் வாய்ப்பைப் பெரிதாக மாற்றாது. ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: முதல் பத்து இடங்களுக்குள் வரத்தக்க ஒரு கற்பனை அணி இந்த அட்டவணையை ஆடினால், ஒன்றிலும் தோற்காமல் வெளிவரும் வாய்ப்பு எவ்வளவு? 12 ஆட்டங்களிலும் அதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு பெருக்கினால், தோற்காமல் முடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 54 விழுக்காடு. எட்டு ஆட்டங்களில் 95, நான்கு ஆட்டங்களில் 70 என்றால் அது 16 விழுக்காட்டுக்குச் சரிகிறது. இரண்டு அணிகளும் 12–0தான். ஆனால் முதல் சாதனையைப் பல நல்ல அணிகள் செய்திருக்கக்கூடும், இரண்டாவதை மிகச் சில அணிகளே செய்திருக்கும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் மதிப்பீட்டை நீங்களே இட்டுக்கொள்ளலாம். எதிராளி உங்கள் மதிப்பீட்டில் எந்த எண்ணை மறுக்கிறார் என்பது தெரிந்துவிட்டால், விவாதம் பெயர்களை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பற்றியதாகிவிடும்.

எதிரணியின் வலிமையை மதிப்பிடும்போது, ஆட்டம் நடந்த நாளில் அது எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதைப் பொருட்படுத்தாதீர்கள். சீசன் முழுவதும் அது எப்படி ஆடியது என்பதைப் பாருங்கள். வெளியூர் வெற்றிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். சிறிய கான்ஃபரன்ஸ் அணிகளிடம் ‘யாரோடு ஆடினாய்?’ என்று கேட்பது நியாயமே. ஆனால் அட்டவணைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தமாகிவிடுகின்றன. பெரிய அணிகள் ஆட முன்வராவிட்டால் சிறிய அணியால் எதுவும் செய்ய முடியாது. 2021இல் சின்சினாட்டி முதல் நான்கு இடங்களுக்குள் நுழைந்ததில் பெரும்பங்கு ஒரே வெற்றிக்கு உண்டு: நோட்ரடேமின் சொந்த மைதானத்தில் 24–13 என்று வென்றது. வழக்கமான சீசனில் நோட்ரடேம் கண்ட ஒரே தோல்வி அது. அத்தகைய ஓர் ஆட்டம் அட்டவணையில் அமையாத 2017ஆம் ஆண்டின் யூசிஎஃப் (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம்), தோற்காமலேயே பிளேஆஃப் தேர்வு நாளில் 12ஆம் இடத்தில் இருந்தது.

வெற்றியின் புள்ளி வித்தியாசம் பயனுள்ள சான்றுதான், ஆனால் அதை அளவோடு கையாள வேண்டும். 1994இல் பென் ஸ்டேட் ஓஹையோ ஸ்டேட்டை 63–14 என்று நொறுக்கியது. அடுத்த வாரம் இந்தியானாவுக்கு எதிராக வசதியான முன்னிலையில் இருந்தபோது, மாற்று வீரர்கள் ஆடிய கடைசி நிமிடங்களில் விட்டுக்கொடுத்த புள்ளிகளால் ஆட்டம் 35–29 என்று முடிந்தது. பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசையில் அதன் முதலிடம் நெப்ராஸ்காவுக்குப் போயிற்று. இரண்டு அணிகளும் கடைசிவரை தோற்கவில்லை, பட்டம் நெப்ராஸ்காவுக்கே கிடைத்தது. இறுதி ஸ்கோரை மட்டும் பார்த்தால் இத்தகைய ஆட்டம் இழுபறியாகத் தோன்றும். ஆட்டம் எந்தக் கட்டத்தில் முடிவானது, எதிரணிக்கு வெல்லும் வாய்ப்பு எப்போதாவது இருந்ததா என்று பாருங்கள். மறுபக்கம், வித்தியாசத்துக்கே பரிசளித்தால் அணிகள் வலுவற்ற எதிரணிகள்மீது புள்ளிகளைக் குவிக்கத் தொடங்கும். அந்தக் கவலையால்தான், பிளேஆஃபுக்கு முன் பட்ட ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த பிசிஎஸ் முறையின் கணினித் தரவரிசைகளிலிருந்து 2002இல் வித்தியாசம் நீக்கப்பட்டது.

சீசனுக்கு முந்தைய வரிசை உங்கள் தீர்ப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைத் தவறாமல் சோதியுங்கள். 2004இல் யூஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) முதலிடத்திலும் ஓக்லஹோமா இரண்டாம் இடத்திலும் சீசனைத் தொடங்கின. ஆபர்ன் 17ஆம் இடத்தில் தொடங்கியது. மூன்று அணிகளும் தோற்காமல் பிளேஆஃப் இல்லாத அந்தக் காலத்தின் தேர்வு நாளை அடைந்தபோது, பட்ட ஆட்டத்துக்குச் சென்றவை முதல் இரண்டுதான். மேலே இருப்பவர் தோற்றால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும் என்ற வழக்கத்தில், ஆகஸ்டில் ஊகித்த வரிசை டிசம்பரில் தீர்ப்பாகிவிடுகிறது. ஆபர்ன் சுகர் பௌலையும் வென்று 13–0 என்று முடித்தது. அந்தப் பட்ட ஆட்டத்தில் ஓக்லஹோமா 55–19 என்று வீழ்ந்தது. இந்தச் சாய்வைத் தவிர்க்க ஒரு வழி, பல்கலைக்கழகங்களின் பெயர்களை மறைத்து, எதிரணிகளின் பதிவு, மைதானம், ஸ்கோர் ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, அதைக் கொண்டு வரிசைப்படுத்திப் பார்ப்பது. பெயர்களைத் திறந்த பிறகு உங்கள் வரிசை மாறினால், மாற்றத்துக்குக் காரணம் ஆட்டங்கள் அல்ல.

சங்கிலி வாதங்களைக் கைவிடுவது நல்லது. 2017இல் ஆபர்ன், பட்ட ஆட்டத்தில் பின்னர் மோதிய அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வழக்கமான சீசனில் வென்றிருந்தது. அந்த ஆபர்னை யூசிஎஃப் பீச் பௌலில் 34–27 என்று வென்றது. ஆகவே யூசிஎஃப் அனைவரையும்விடச் சிறந்தது என்று பலர் வாதிட்டார்கள். ஆனால் அதே ஆபர்னைக் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் ஜார்ஜியா 28–7 என்று வீழ்த்தியிருந்தது. சங்கிலியை அந்த முனையிலிருந்து பிடித்தால் விடை தலைகீழாகிறது. ஒரு நல்ல அணியை வென்றதற்கான மதிப்பை யூசிஎஃபுக்கு முழுமையாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் சங்கிலியை நீட்ட வேண்டியதில்லை.

பிந்தைய முடிவைக் கொண்டு முந்தைய தீர்ப்பை நியாயப்படுத்துவதும் இதே வகைப் பிழைதான். 2023இல் பிளேஆஃபில் இடம் இழந்த பிறகு, பல முன்னணி வீரர்கள் விலகிக்கொண்ட நிலையில் ஃபுளோரிடா ஸ்டேட் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றது, தேர்வு நாளில் அது என்ன சாதித்திருந்தது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

2024 முதல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்துவிட்டதால், பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோற்காத சாம்பியன் வெளியே நிற்கும் அபாயம் ஏறக்குறைய நீங்கிவிட்டது. அங்கே எஞ்சியிருப்பது முதல் சுற்றில் ஆடாமல் நேரடியாகக் காலிறுதிக்குப் போகும் வாய்ப்பும், எந்த எதிரணி வாய்க்கிறது என்பதும்தான். முதலிடம் பெற்ற ஓரிகன் 2024இல் 13–0 என்று உள்ளே வந்தும், அக்டோபரில் 32–31 என்று தான் வென்றிருந்த ஓஹையோ ஸ்டேட்டைக் காலிறுதியிலேயே சந்தித்து 41–21 என்று வெளியேறியது. சிறிய கான்ஃபரன்ஸ் அணிகளுக்கோ பழைய சிக்கல் புதிய வடிவில் தொடர்கிறது. சாம்பியன்களுக்கென ஒதுக்கப்படும் இடங்கள் ஐந்துதான். அவற்றில் நான்கு பெரும்பாலும் பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கே போகும். ஒரே ஆண்டில் இரண்டு சிறிய கான்ஃபரன்ஸ்களில் தோற்காத சாம்பியன்கள் உருவானால், ஒன்று வெளியே நிற்க நேரிடலாம். அன்று அந்த இரண்டு அட்டவணைகளையும் ஆட்டம் ஆட்டமாக எடுத்துவைத்து, நம் கற்பனை அணி எதில் தடுமாறியிருக்கும் என்று கணக்கிடத் தொடங்குங்கள்.